நாலு பின், ரெண்டு பஸ்

இன்னைக்கு ஹீட்சிங்க் பத்திப் பேசப்போறேன். இது நானே பண்ணின தப்பு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

கடமலைக்குண்டுல எங்க மாமா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கார். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், அவ்வளவுதான். அவருக்காக ஒரு பழைய இன்டெல் டெஸ்க்டாப்பை மதுரையில என் ரூம்ல வச்சு சுத்தம் பண்ணி, புது தெர்மல் பேஸ்ட் போட்டு மாட்டினேன். நல்லா ஓடுச்சு. அப்புறம் க.விலக்கு வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பஸ். கேபினெட்டை நட்டுக்க நிறுத்தி மடியில வச்சுக்கிட்டே போனேன்.

மறுநாள் போன். “மாப்ள, பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சிருது.”

“ஊர் வெயில் மாமா, மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை வைங்க”ன்னேன். பெரிய நிபுணர் மாதிரி!

மூணாவது நாள் ஒரு பொண்ணு இன்ஜினியரிங் கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு வந்திருக்கு. அன்னைக்குத்தான் கடைசி நாள். காலேஜ்களை வரிசைப்படுத்திக்கிட்டு இருக்கும்போதே திரை இருட்டாயிருச்சு. மாமா தன் போனைக் கொடுத்து, அதுல அந்தப் பொண்ணு முடிச்சிருச்சு. முடியாமப் போயிருந்தா? எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

ஞாயித்துக்கிழமை போய்த் திறந்து பார்த்தா, ஹீட்சிங்க்கோட ஒரு மூலை லேசா தூக்கியிருக்கு.

2004-ல எல்ஜிஏ 775 சாக்கெட்டோட இன்டெல் கூலர்கள்ல வந்தது இந்த பிளாஸ்டிக் புஷ் பின். மூலைக்கு ஒண்ணா நாலு. பிளந்த கால் போர்டு ஓட்டைக்குள்ள போகும்; மேல இருக்கிற தலையை அமுக்கினா நடுக்குச்சி இறங்கி, அந்தக் காலைப் பின்பக்கம் விரிச்சுப் பிடிக்கும். தலையில ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினா கழலும். கழட்டும்போது திருப்பினதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டு வராம அமுக்கினா, உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனா பூட்டாது. நான் மூணைத் திருப்பினேன், ஒண்ணை மறந்துட்டேன். போர்டை வெளியே எடுத்துப் பின்பக்கம் பார்த்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். சோம்பேறித்தனம்!

நிறையப் பேர் பேஸ்ட்டைப் பசைன்னு நினைக்கிறாங்க. அது ரெண்டு உலோகத்துக்கு நடுவுல இருக்கிற நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான். பிடிச்சு வைக்கிறது பின்னோட அழுத்தம் மட்டும்தான். மூலை தூக்கினா நடுவுல காத்து வந்துரும், காத்து சூட்டைச் சரியாக் கடத்தாது.

இப்ப இருக்கிற ப்ராசஸர் சூடு ஏறினா முதல்ல வேகத்தைக் குறைக்கும், அப்புறம் தானே அணைஞ்சிரும். 2001-ல டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹீட்சிங்க்கைக் கழட்டி வீடியோ எடுத்தாங்க. பென்டியம் 4 மெதுவாகித் தப்பிச்சுது. ஏஎம்டி அத்லான் சில வினாடியில புகைஞ்சே போச்சு.

கேபினெட்டை நிறுத்தினா கூலர் பக்கவாட்டுல தொங்கும். ஒவ்வொரு பள்ளத்துலயும் பின் இழுபடும். நாக்டுவா என்எச்-டி15 ஃபேனோட 1.3 கிலோ. அதனால அதுக்கெல்லாம் போர்டுக்குப் பின்னாடி தகடு, ஸ்பிரிங் ஸ்க்ரூ. கார் வீல் நட்டு மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். தூரமாக் கொண்டு போனா, போர்டு கீழே, கூலர் மேலே இருக்கிற மாதிரி படுக்க வைங்க.

அன்னைக்குப் பழைய பேஸ்ட்டைத் துடைச்சு, புதுசு வச்சு, எதிரெதிர் பின்னா அமுக்கி, பின்பக்கம் நாலு காலும் விரிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அப்புறம் அது அணையவே இல்ல.

டேபிள் ஃபேனை மட்டும் மாமா திருப்பி எடுத்து வைக்கல. “இது எனக்கு மாப்ள”ன்னுட்டார்.