கருப்பொருளும் கண்ணாடித் தொட்டியும்



தொல்காப்பியர் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை முதலில் வைத்தார். அடுத்த இடத்தை உணவுக்குக் கொடுத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. வகுப்பில் மாணவர் இந்தப் பட்டியலைத் தடையின்றி ஒப்புவிப்பார்கள். உணவு ஏன் அவ்வளவு முன்னால் நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. அதற்கான விடையை எனக்கு உணர்த்தியது கண்டியில், என் வீட்டுக் கூடத்தில், உப்புநீர்த் தொட்டியொன்றில் வாழும் ஒரு மீன்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்புக் கடற்கரை நூறு கிலோ மீற்றருக்கும் அப்பால். ஆகவே இங்கு கடலை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்புக் கலவையை லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைத்தால் ஏறக்குறையக் கடல்நீரின் உப்புத்தன்மை வந்துவிடும். நெய்தலைக் குறிஞ்சிக்குக் கொண்டுவருவதில் இது எளிய பாதி. கடினமான பாதி உணவு.

என்னுடையது வண்ணாத்திப்பூச்சி மீன் வகையைச் சேர்ந்தது. வெண்மேனி, பின்புறத்தில் மஞ்சள், கண்ணை மறைக்கும் கரும்பட்டி, முதுகுச் செட்டையில் நீண்ட ஓர் இழை. ஓரிகா என்பது அதன் விஞ்ஞானப் பெயரில் ஒரு பகுதி. வந்த நாள் முதல் அது எதையும் தொடவில்லை. மிதக்கும் உணவுத் துகள் மூக்கருகே வந்தாலும் திரும்பிக்கொள்ளும்.

அதன் வாயைப் பாருங்கள். குறடு போல நீண்டு கூரியது. பாறை இடுக்கிலிருந்து புழுவையும் சிற்றிறாலையும் கொத்தி எடுக்க அமைந்த வாய் அது. நீரில் மிதந்து வருவது தனக்குரிய உணவென்று அதற்கு எப்படித் தெரியும்? எனவே இறாலை மசித்துக் கல்லின் பிளவுகளில் அப்பி வைத்தேன். விளக்கைத் தணித்தேன். ஆட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளை உப்புநீரிலிட்டு, ஒரு நாளளவில் பொரித்த குஞ்சுகளை விட்டேன். அசையும் அவற்றைக் கண் தொடர்ந்தது, வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், திருகோணமலையிலிருந்து உறவினர் கொண்டுவந்த மட்டியைப் பிளந்து ஓட்டோடு அடியில் வைத்தேன். மீன் சுற்றிவந்தது, ஒருமுறை கொத்தியது, பிறகு விடவில்லை. அந்த ஓட்டிலேயே இறால் துணுக்குகளைக் கலந்து கலந்து இன்று சந்தை இறாலுக்கும் கணவாய்க்கும் பழக்கிவிட்டேன். சிறிது சிறிதாகப் பல தடவை கொடுக்க வேண்டும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். அழுகினால் நீர் நஞ்சாகும்.

ஆனால் எல்லா மீனும் இப்படி இணங்கிவருவதில்லை. நண்பரொருவர் நீல ஊதாக் கோடுகள் ஓடும் மஞ்சள் மேனி கொண்ட இன்னொரு வண்ணாத்திப்பூச்சி மீனை வாங்கினார். முருகைக்கல்லைக் கட்டும் சிற்றுயிர்களின் மெல்லுடலே அதற்கு உணவு. மட்டியும் இறாலும் சூழ்ந்திருக்க, முதுகு மெலிந்து மெலிந்து அது இறந்தது. “பிடிவாதக்கார மீன்” என்றார் நண்பர். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. கடலிலும் அதன் கதி அதுதான். 1998 ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் சூடேறியபோது இக்கடுவை முதலான இடங்களில் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. அத்தகைய அழிவுக்குப் பின் முருகைக்கல்லை மட்டுமே உண்ணும் மீன்களும் குறைந்துபோவதைப் பல கடல்களிலும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். பரந்த கடலிலும் வேறுணவுக்கு மாற இயலாத உயிரைத் தொட்டியில் மாறச் சொல்வது எப்படி?

நெய்தல் மாந்தரின் உணவாக உரையாசிரியர் குறிப்பது மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருளை. கடல் தருவதை விற்றுப் பிற நிலத்து உணவை வாங்கிக்கொள்ள மனிதனால் முடிகிறது. கரையோரத்திலிருந்து வந்து இம்மலைநகரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் சில மாதங்களில் இங்குள்ள சாப்பாட்டுக்குப் பழகிவிடுகிறார்கள். அந்த மீனுக்கு அந்த வழி இல்லை. அதன் நிலமே அதன் உணவு. தெய்வத்தை அடுத்து உணவை வைத்தவர் இதை அறிந்தே வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உப்புநீர்த் தொட்டி வைக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மீனின் நிறத்தைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். அது எதை உண்டு வாழ்வது என்று முதலில் கேளுங்கள். உங்கள் கண்முன்னே கடைக்காரர் அதற்கு உணவிடட்டும்; அது உண்டால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உண்ணாவிட்டால், எவ்வளவு அழகானாலும், அதை விட்டுவிட்டு வாருங்கள். வாங்க ஆளில்லாத மீனைப் பிடிக்க எவரும் கடலில் இறங்கமாட்டார்.