மெடிகேரும் கூடிப்போன ஹெச்.எஸ்.ஏ. பணமும்

தொண்ணூறுகளில் அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் இப்போது 65-ஐ எட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலையையும் விடவில்லை, ஹெச்.எஸ்.ஏ. என்கிற ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்டில் பணம் போடுவதையும் விடவில்லை. போடும்போது வருமான வரி கிடையாது, வளரும்போது கிடையாது, வைத்தியச் செலவுக்கு எடுத்தாலும் கிடையாது. யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்?

சிக்கல், 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருக்கிறது. 65 தாண்டி விண்ணப்பித்தால் அதன் மருத்துவமனைக் காப்பீடான பார்ட் ஏ, ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கிவிடும். தொடங்கிய மாதத்திலிருந்து ஹெச்.எஸ்.ஏ.யில் ஒரு டாலர்கூடப் போடக்கூடாது.

2024-இல் 65 முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனிநபர் காப்பீடு. 2025-க்கான வரம்பு 4,300 டாலர், 55 கடந்தவர்களுக்குக் கூடுதலாக 1,000. மொத்தம் 5,300-ஐயும் ஜனவரியிலேயே போட்டுவிட்டார். அக்டோபரில் மெடிகேருக்கு விண்ணப்பித்தார். அது ஏப்ரலிலிருந்தே அமலாகிவிட்டது. ஆக, மூன்று மாதத்துக்கு உரிய 1,325 டாலர்தான் செல்லும், 3,975 கூடுதல். போட்ட அன்று சரியாக இருந்த பணம்தான்!

இதை யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். நீங்கள் மெடிகேர் எடுத்தது கம்பெனியின் பேரோலுக்கும் தெரியாது, கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கும் தெரியாது. வரிக் கணக்கில் ஹெச்.எஸ்.ஏ.வுக்கான 8889 படிவத்தில் மாதங்களை எண்ணும்போது நாமே பிடித்தால்தான் உண்டு.

பிடித்ததும் அவசரப்பட்டுச் சாதாரணமாகப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். 1099-எஸ்.ஏ. படிவத்தில் அது குறியீடு 1 என்று வரும், திருத்தியதாக ஆகாது. கூடுதல் தொகையைத் திரும்பப் பெறுவதற்கென்றே வங்கியில் தனி விண்ணப்பம் இருக்கும். அதைக் கொடுத்தால் அந்தப் பணம் ஈட்டிய லாபத்தையும் சேர்த்துத் தருவார்கள், குறியீடு 2 விழும். 2025-க்குக் கெடு 2026 ஏப்ரல் 15. நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு அக்டோபர் 15.

வரிக் கணக்கில் இதை எப்படிக் காட்டுவது? கையிலிருந்து போட்ட பணமென்றால் அந்த 3,975-க்குக் கழிவு கேட்காமல் விட்டால் போதும். சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்தது என்றால், அதாவது டபிள்யூ-2 படிவம் 12-ஆம் கட்டத்தில் டபிள்யூ என்ற குறியோடு வந்திருந்தால், 2025-இன் இதர வருமானத்தில் சேர்க்கவேண்டும். லாபம் மட்டும், பணம் கைக்கு வந்த ஆண்டின் வருமானம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எடுக்காமல் விட்டால் 5329 படிவத்தில் 6 சதவீத வரி; இவருக்கு 238 டாலர் 50 சென்ட். ஒருமுறையோடு தீராது, பணம் உள்ளே கிடக்கும்வரை வருடாவருடம். இளையவர்கள் அடுத்த ஆண்டு குறைவாகப் போட்டு ஈடுகட்டலாம். மெடிகேரில் இருப்பவருக்கோ அடுத்த ஆண்டு வரம்பே பூஜ்யம், அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. 65 கடந்து ஓய்வுக்கு நாள் குறித்தவர்கள், மெடிகேருக்கு மனுப்போட ஆறு மாதம் முன்பே பேரோலில் சொல்லி ஹெச்.எஸ்.ஏ. பிடித்தத்தை நிறுத்திவிடுங்கள்.