வேலை ஓய்ந்த வில்லைகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொன் விளைந்த இப்பூமியில் கண்ணாடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காமிராவின் முகப்பில் உள்ள வில்லையை, 'லென்ஸ்' என்று நாம் வழங்குவதை, யாவரும் அறிவோம். ஆனால் ஆலைக்கும் அச்சகத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் என்றே செய்யப்பட்ட வில்லைகளும் உண்டு. அவை பணிபுரிந்த தொழில்கள் பல மறைந்துவிட்டன, வில்லைகள் மறையவில்லை. உலகெங்கும் ஆர்வலர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து, இன்றைய காமிராவில் பொருத்திப் படம் எடுக்கிறார்கள். இக்கலையால் நம் காலனிக்கு ஒரு நன்மை விளையக்கூடும். அதனை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

வில்லைக்கும் நம் சுரங்கத்துக்கும் உள்ள உறவு பழையது. சுரங்கப் பாதைகளை அளந்தவர்கள் தியோடலைட் கருவியின் வில்லை வழியே நோக்கி அளந்தார்கள். 1965ஆம் ஆண்டில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை இங்கேதான் கண்டார்கள். நியான் குழாய்களில் கணப்பொழுது தோன்றி மறைந்த ஒளியைப் பதிந்து வைத்தவை காமிராக்களே.

இவ்வகை வில்லைகளின் தன்மை யாது? ஒவ்வொன்றும் ஒரு தனி வேலைக்கென்றே பிறந்தது. அச்சகத்துக்குப் பிளாக் எடுக்கும் பெரிய காமிராவை மூத்தோர் சிலர் கண்டிருப்பீர்கள். அதற்கென்று ஜெர்மனியில் அப்போ-ரோனார், ஜப்பானில் அப்போ-நிக்கார் முதலிய வில்லைகள் செய்யப்பட்டன. வண்ணப்படத்தை அச்சிட நிறத்துக்கு ஒரு பிளாக் வேண்டும். நிறத்துக்கு நிறம் அளவு மயிரிழை மாறினாலும் அச்சில் ஒன்றோடொன்று பொருந்தா. ஆதலின் எல்லா நிறங்களும் ஒரே அளவில், ஒரே தளத்தில் விழுமாறு அவற்றை வகுத்தனர். தட்டையான தாளின் நடுவும் ஓரமும் ஒருங்கே தெளிவாக விழவேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வில்லைக்கும், நூல்களைப் படம் பிடிக்கும் மைக்ரோபிலிம் வில்லைக்கும் இந்நிபந்தனை உண்டு.

ஒரு வேலையில் திறம் மிகுந்தால் பிற வேலையில் குறை வருவதும் இயல்பு. மின்னணுச் சில்லுகளின் நுண்ணிய வரைபடங்களுக்காக நிக்கான் நிறுவனத்தார் 1960களில் செய்த அல்ட்ரா மைக்ரோ நிக்கார் வில்லைகளுள் ஒன்று, 1 மில்லிமீட்டரில் 1,000க்கும் மேற்பட்ட கோடுகளைப் பிரித்துக் காட்ட வல்லது. ஆயினும் அது ஒரே நிறத்து ஒளிக்கென வகுக்கப்பட்டது. பல நிறக் காட்சிக்கு ஏற்றதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தார் 1966இல் செய்த வில்லைகள் பத்தே. மிகக் குறைந்த ஒளியிலும் படம் எடுக்கவல்ல அவற்றுள் மூன்றைப் பெற்ற ஸ்டான்லி குப்ரிக், 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' திரைப்படத்தின் சில காட்சிகளை மெழுகுவத்தி ஒளியிலேயே எடுத்தார். ஆனால் அவ்வில்லையின் பின்புறம் பிலிமை ஒட்டி நிற்கவேண்டியிருந்தமையால், காமிராவையே வெட்டித் திருத்த நேர்ந்தது.

நமக்கு அத்தகைய அரும்பொருள் வேண்டுவதில்லை. அரிய வில்லையின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதன் அருமையே, பயன் அன்று. இருட்டறைகள் மூடப்பட்டதால் நல்ல என்லார்ஜர் வில்லைகள் மலிந்து கிடக்கின்றன. 50 மில்லிமீட்டர் எல்-நிக்கார் போன்றவற்றில் 39 மில்லிமீட்டர் மரை உண்டு. அதற்கேற்ற வளையமும் சிறு துருத்தியும் இருந்தால் இன்றைய டிஜிட்டல் காமிராவில் பொருத்திவிடலாம். வாங்குமுன் கைவிளக்கை வில்லையினூடே செலுத்திப் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களில் இருந்த கோடாக் ஏரோ-எக்டார் வில்லையின் கண்ணாடியில் கதிர்வீசும் தோரியம் கலந்துள்ளது. அதனைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடலாகாது. பழம்பொருள் தேடி மூடிய சுரங்க எல்லைக்குள் எவரும் நுழையவேண்டா. அது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து.

இனி, முன்னர்ச் சொன்ன நன்மைக்கு வருகிறேன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் பிழைப்பை நாடிப் பல ஊர்களுக்குப் பிரிந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்து உழைத்தார்கள் என்பதற்கு, நம் வீடுகளில் எஞ்சியுள்ள சான்றுகள் சுவரில் தொங்கும் படங்களும் பெட்டியில் உள்ள தாள்களுமே. குழுப்படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவில் நாற்காலியில் துரை அமர்ந்திருப்பார். நம் பாட்டனார் பின்வரிசையின் கோடியில் நிற்பார். முகம் மிளகளவே இருக்கும்.

"கைப்பேசியால் எடுத்தால் போதாதோ?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நடுவில் உள்ளவர் முகத்துக்கு அது போதும். கோடியில் நிற்பவர் முகம் பெரும்பாலும் மங்கிப்போகும். நடுவையும் ஓரத்தையும் ஒன்றாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வில்லை, அந்த மிளகளவு முகத்தையும் உள்ளவாறே காட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் திரட்டிய தமிழ் நூல்கள், 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தபின், மைக்ரோபிலிமில் பதியப்பட்டுக் காக்கப்பட்டன. அங்கே நூல்களுக்குச் செய்ததை நாம் நம் வீட்டுப் படங்களுக்குச் செய்தல் வேண்டும்.

செய்முறை எளிது. படத்தை மேசைமேல் சமமாக வைத்து, காமிராவை நேர் மேலே நிறுத்துங்கள். இருபுறமும் சாய்வாக, ஒத்த ஒளியுள்ள இரு விளக்குகளை வையுங்கள். வில்லையின் துவாரத்தை இரண்டு படி சுருக்குங்கள். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியுடனேயே எடுத்துவிடுங்கள்.

ஆனால் பெயரைச் சொல்ல வில்லையால் இயலாது. இவர் யார், எந்தச் சுரங்கம், எந்த ஊர்க்காரர் என்பதை அறிந்த மூத்தோர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு ஞாயிறு இங்கே ஒரு மேசையும் இரண்டு விளக்குகளும் போடுவோம். உரிகம், மாரிகுப்பம், சாம்பியன் ரீப், ராபர்ட்சன்பேட்டை என எப்பகுதியினரும் தத்தம் படத்தைக் கொண்டு வரட்டும். இளைஞர்கள் படம் எடுக்கட்டும். பெரியோர்கள் பெயர் சொல்லட்டும். எடுத்தபின் மூலப்படம் உடையவர் கைக்கே திரும்பட்டும். முதற்படத்தை அடுத்த ஞாயிறே எடுத்துத் தொடங்குவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.