ஊசி பிள்ளைகளுக்கு மட்டுமா?



2021 ஏப்ரலில் மூத்தவர்களுக்கான கோவிட் தடுப்பூசி தொடங்கியபோது, ஜொகூர் முழுவதும் தாத்தா பாட்டிகள் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி வந்து போட்டுக்கொண்டார்கள். அதோடு ஊசிக் கணக்கு தீர்ந்தது என்று பலரும் இருந்துவிட்டார்கள். தீரவில்லை.

புளூ காய்ச்சலைப் பாருங்கள். மகன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். பேத்தி தடிக்காவுக்குப் போகிறாள். வாசல் தாண்டாத பாட்டிக்கும் கிருமி வந்து சேர்ந்துவிடுகிறது. நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் இந்தக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் சுற்றும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுக்கு ஒருமுறை. இளசுகள் நாலு நாள் படுத்து எழுந்துவிடும். இனிப்பு நீர் உள்ள பெரியவருக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களையும்விட நாம்தான் முன்னே. பெருமைப்பட ஒன்றுமில்லை.

60 வயதைக் கடந்து நாட்பட்ட நோயும் உள்ளவர்களுக்கு 2024இல் சுகாதார அமைச்சு புளூ ஊசியை இலவசமாகப் போடத் தொடங்கியது. அடுத்த முறை மருந்தெடுக்க அரசாங்கக் கிளினிக் போகும்போது மிஸ்ஸியிடம் கேட்டுப் பாருங்கள். நிமோனியா ஊசி தனி. அதைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை அக்கியைப் பற்றித்தான். சின்ன வயதில் சின்னம்மை போட்டு, வேப்பிலையில் படுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கியது என்போம். கிருமி இறங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு, மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகக் கொப்புளமாகக் கிளம்பும். அதுதான் அக்கி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். கொப்புளம் எப்படியும் சில வாரங்களில் தானே காய்ந்துவிடும். பெயர் காவிக்குப் போனது. ஆனால் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். சட்டை பட்டாலே நெருப்பு பட்டதுபோல் துடிப்பார்கள். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கொப்புளம் கண்டால் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

இதற்கும் தடுப்பூசி இருக்கிறது. 50 வயதுக்கு மேல், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 70 வயதைக் கடந்தவர்களிடமும் ஏறக்குறைய 90 விழுக்காடு பலன் தந்தது. ஓரிரு நாள் கை வலிக்கும், காய்ச்சலடிக்கலாம். உண்மையான வலி விலையில்தான்: தனியார் கிளினிக்கில் ஒரு ஊசிக்கே பல நூறு ரிங்கிட். தீபாவளிக்கு அப்பாவுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஏற்கெனவே அக்கி வந்தவர்களுக்கும் இந்த ஊசி உண்டு. மறுபடி வரக்கூடியதுதான் அது. கொப்புளம் முழுக்க ஆறியபின் எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக மறக்காதீர்கள்.