கையில் ஏறும் குழாயும் கேட்கும் துணிவும்



உடல் சற்றுக் களைத்தாலே கூலிப் பணத்தைக் கொடுத்துக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இந்த ரமணாசிரமம் பகுதியில் வாழும் நம்மிடையேயும் உண்டு. ஐந்து சதவிகிதக் குளுக்கோஸ் கொண்ட அரை லிட்டர் புட்டியில் இருப்பது 25 கிராம் சர்க்கரையே. உண்ண முடிந்தவருக்கு ஒரு வேளை உணவே அதனினும் மேலாகும்.

ஆயினும் கடும் வாந்திபேதி, இரத்த இழப்பு, விபத்து ஆகிய வேளைகளில் சிரையில் செருகும் கேனுலாவே உயிர்காக்கும் வழி. 1832ஆம் ஆண்டிலேயே ஸ்காத்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, காலராவால் சாகும் நிலையிலிருந்தோர்க்கு இரத்தக் குழாய் வழியே உப்புநீர் செலுத்திச் சிலரை மீட்டார்.

கேனுலாவைக் கண்டு அஞ்சவேண்டா. குத்திய ஊசி உடனே வெளியே எடுக்கப்படும். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. அவ்விடம் சிவந்தாலும், வீங்கினாலும், வலித்தாலும் தாமதியாமல் செவிலியரிடம் சொல்வோம். தேவை முடிந்தபின் அகற்றுமாறு கேட்போம்.

கைகட்டி நின்று, கொடுத்ததை ஏற்ற காலம் நம் முன்னோருடையது. "ஐயா, இது எதற்கு?" என்று மருத்துவரிடம் நிமிர்ந்து கேட்கும் துணிவே நாம் பெற்ற கல்வியின் பயன். அத்துணிவை எழுத்தறியா நம் தாய்மார்களுக்கும் துணைநின்று வழங்குவோம்.