பிள்ளைப் பேறு: துஆவும் தயாரிப்பும்

 

 

ஜும்ஆ முடிந்து முஸாஃபஹா செய்யும்போது துஆச் செய்யுமாறு கேட்பவர்கள் பலர். கடன் உள்ளவர் கடனைச் சொல்லி விடுவார். நோயுள்ளவர் நோயைச் சொல்லி விடுவார். குழந்தைக்காகக் காத்திருப்பவர் மட்டும் பாதி வார்த்தையோடு நிறுத்திக் கொள்வார். இன்றைய உரை அவர்களுக்காகவும், அவர்களைச் சுற்றி வாழும் நமக்காகவும் ஆகும். பள்ளிக்கு வராத தாய்மார்களும் சகோதரிகளும் இதை இல்லத்தில் இருந்தபடி படித்துக் கொள்வார்களாக!

கொடுப்பவன் அவன்

பிள்ளைச் செல்வம் பற்றி அல்லாஹ் ஷூரா அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் பேசுகின்றான். பெண் மக்களை மட்டும் பெற்றோர், ஆண் மக்களை மட்டும் பெற்றோர், இருபாலரையும் பெற்றோர், பிள்ளை அருளப்படாதோர் என நான்கு வகையினரை எடுத்துரைக்கின்றான். நால்வரின் நிலையும் அவன் அறிவிலும் ஆற்றலிலும் அடங்கியது என்பதே அங்கு நாம் பெறும் பாடம். பிள்ளை இல்லாமை தண்டனை என்றோ, ஒரு பெண்ணின் குறை என்றோ அங்கே சொல்லப்படவில்லை.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் நபி ஸகரிய்யா (அலை) அவர்களும் முதுமை வரை காத்திருந்தார்கள். நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆயினும் நபி (ஸல்) அவர்கள், அன்னையாரின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களுடைய மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’ என்னும் சிறப்புப் பெயரை அன்னையாருக்கு வழங்கினார்கள். பெற்றெடுக்காத பெண்மணியைத் ‘தாய்’ என்றழைத்துக் கண்ணியப்படுத்திய மார்க்கம் இது.

பேரீச்ச மரத்தை உலுக்கச் சொன்ன இறைவன்

கொடுப்பவன் அவன் என்றால், நாம் கைகட்டி அமர்ந்திருக்கலாமா? அன்னை மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியிருந்த வேளையை எண்ணிப் பாருங்கள். கனியைத் தானாக உதிரச் செய்ய அல்லாஹ்வுக்கு முடியாதா? அப்படியிருந்தும் வலியில் துவண்டிருந்த அந்தப் பெண்மணியிடம் மரத்தை உலுக்கும்படிச் சொல்லப்பட்டது. கனி தந்தவன் அல்லாஹ். உலுக்கியது அவர்களின் கை. துஆவோடு முயற்சியும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அந்த உலுக்கல் இன்று நம் உணவிலும் உறக்கத்திலும் அன்றாடப் பழக்கத்திலும் தொடங்குகிறது. அது கணவன், மனைவி இருவருக்கும் உரியது. நம் வீடுகளிலோ மனைவி மட்டுமே மரத்தடியில் தனியாக விடப்படுகிறாள்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம்

சேர்ந்து வாழ்ந்து, கருத்தடை ஏதுமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் முயன்றும் கரு உண்டாகவில்லையெனில் மருத்துவ ஆலோசனை தேவை என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வரையறை. மனைவிக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால் 6 மாதங்களிலேயே மருத்துவரைக் காண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இச்சோதனையைச் சந்திக்கிறார். ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டின் இரகசியமன்று.

இதில் ‘சேர்ந்து வாழ்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்களில் நிக்காஹ் முடிந்த ஒன்றரை மாதத்தில் மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் பயணமாகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மாத விடுப்பில் வருகிறார். மீண்டும் இரண்டு ஆண்டுகள்; மீண்டும் இரண்டு மாதங்கள். ஊரார் கணக்கில் மணமாகி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததோ ஐந்தரை மாதங்கள்! அந்தப் பெண்ணுக்கு நாம் சூட்டும் பெயர் ‘மலடி’. ஐந்தரை மாதத்தில் எந்த மருத்துவரும் சொல்லத் துணியாத தீர்ப்பை வாசற்படியில் அமர்ந்து கொண்டு நாம் சொல்லி விடுகிறோம். அஸ்தஃபிருல்லாஹ்!

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம். ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க ஏதுவான நாட்கள் ஏறத்தாழ 6 மட்டுமே. கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே அவை. பொதுவாக, அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன்னர் முட்டை வெளிப்படுகிறது. ஆகவே 60 நாள் விடுப்பில் ஏதுவான நாட்கள் ஏறக்குறைய 12. அவற்றிலும் பாதி, விருந்துகளிலும் உறவினர் வீட்டுப் பயணங்களிலும் கழிந்து விடுகின்றன. விடுப்பில் வந்த மகனை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஓர் இரவு, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஏங்கும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, வீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு மாதக் கணக்கில் எல்லை வகுத்தார்கள் என்பதை வரலாற்று நூல்களில் காண்கிறோம். பொருள் தேடுவது கடமைதான். இயன்றவர்கள் விடுப்பை நீட்டிக்கவோ, மனைவியைத் தம்முடன் அழைத்துக் கொள்ளவோ முயல வேண்டும். முயலாதவர், பிள்ளை இல்லையே என்று மனைவியை நோக்கி விரல் நீட்டக் கூடாது.

கணவரின் தயாரிப்பு மூன்று மாதம் முன்பே

அன்பர்களே! ஆணின் உயிரணு ஒன்று முழுமையாக உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆகின்றன. இன்று நாம் உண்பதும் புகைப்பதும் அடுத்த பருவத்து விளைச்சலைப் பாதிக்கும். ஆடியில் விதைக்காமல் தையில் அறுக்க எண்ணலாமா? விடுப்பில் வரவிருப்பவர் விமானச் சீட்டு எடுக்கும் நாளிலேயே தம்மைத் தயார்ப்படுத்தத் தொடங்க வேண்டும்.

முதலாவது, புகையிலை. பீடி, சிகரெட், குட்கா அனைத்தும் உயிரணுக்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கின்றன; அவற்றினுள் இருக்கும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. கணவர் விடும் புகை மனைவியின் கருவளத்தையும் பாதிக்கிறது.

இரண்டாவது, வெப்பம். விதைப்பைகள் உடல் வெப்பத்தை விடச் சில டிகிரி குறைவான நிலையில் இயங்கும்படி அல்லாஹ் அவற்றை உடலுக்கு வெளியே அமைத்துள்ளான். அடுப்பருகில் நாள் முழுதும் நிற்போர், இடைவிடாமல் வாகனம் ஓட்டுவோர், மடிக்கணினியை மடியிலேயே வைத்திருப்போர், இறுக்கமான உள்ளாடை அணிவோர் ஆகியோர் கவனமாயிருக்க வேண்டும். இடையிடையே எழுந்து நடப்பதும் தளர்வான ஆடை உடுத்துவதும் நன்று.

மூன்றாவது, உடற்பயிற்சிக் கூடங்களில் சில இளைஞர்கள் போட்டுக் கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகள். புஜம் பருக்கிறது, உள்ளே உயிரணு உற்பத்தியோ நின்றே போகக் கூடும். ‘ஆண்மை பெருகும்’ என்று விற்கப்படும், என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத லேகியங்களும் இப்பட்டியலில் சேர்பவை.

நான்காவது, உணவும் உறக்கமும். அறையில் தங்கியிருப்போர் குப்பூஸும் பொரித்த கோழியும் குளிர்பானமுமாகக் காலம் கழிக்கின்றனர். அதனுடன் பருப்பு, காய்கறி, பழம், மீன், ஒரு பிடி கொட்டைப் பருப்பு சேரட்டும். தொப்பையும் கட்டுப்படாத சர்க்கரையும் ஆணின் கருவளத்தைக் குறைப்பவை. வயிற்றின் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவை விருந்துச் சஹனின் முன்பு நாம் மறந்து விடுகிறோம்.

மனைவியின் தட்டில் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் ஆண்கள் சஹனில் அமர்ந்து உண்டு எழுந்த பின், மிஞ்சியதை உண்பவள் மருமகள். கறி தீர்ந்திருக்கும்; குழம்பும் சோறும் மட்டும் இருக்கும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. பிள்ளை சுமக்க வேண்டிய உடலுக்கு முதலில் உணவு தர வேண்டாமா? நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய அதே இடத்தில் தாமும் வாய் வைத்துப் பருகினார்கள். மனைவியோடு ஒரே தட்டில் உண்பது சுன்னத்தான அன்பு. அவள் என்ன உண்கிறாள் என்பதைக் கணவன் அறியும் வழியும் அதுவே.

முருங்கைக் கீரை, பச்சைப் பயறு, கொண்டைக் கடலை, முட்டை, சிறு மீன்கள், கறி, பேரீச்சை, ஆரஞ்சு, கொய்யா போன்றவை எளிதில் கிடைப்பவை. கீரைக்கும் பயறுக்கும் எலுமிச்சை பிழிந்து கொண்டால் அவற்றின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் பருகினால் அச்சத்து சேர்வது தடைப்படும். பிரியாணிக்குப் பின் சுலைமானி என்பது நம் வழக்கம். பெண்கள் அதை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கட்டும். நாளொன்றுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் காப்பி வேண்டாம்.

அடுத்தது, ஃபோலிக் அமிலம். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக் கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஆகவே கருத்தரிக்க ஒரு மாதமேனும் முன்பிருந்து, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இக்குறையுடன் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், அதிக அளவு ஃபோலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு குறைத்தது. எவருக்கு எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொள்க.

சத்துள்ளது என்பதற்காக எல்லாமே மிகுதியாகக் கூடாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கருவுக்கு அது தீங்காகலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சுறாப் புட்டுக்குப் பதிலாக மத்தியும் நெத்திலியும் தட்டில் இருக்கட்டும்.

உடல் எடை மிகையாயினும் மிகக் குறைவாயினும் மாத ஒழுங்கு தவறும். நீர்க்கட்டிப் பிரச்சினையும் மிகை எடையும் உள்ள பெண்கள், எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோதான். ஃபஜ்ருக்குப் பின் கணவனும் மனைவியுமாக அரை மணி நேரம் நடந்தால், மனம் விட்டுப் பேசவும் அதுவே நேரமாகும். மருமகள் வெளியே நடக்கப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தடுக்கும் பெரியவர்கள், அவள் உடல் என்ன சொல்கிறது என்றும் கேட்கட்டும்.

மருத்துவரிடம் இருவரும் செல்க

நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. ஆனால் நாம் மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்புகிறோம். குழந்தை தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அவளுக்கு ஊசியும் ஸ்கேனும் பல ஆண்டுகள் நடக்கின்றன. அவருக்கு வேண்டியதோ வலியற்ற ஓர் எளிய பரிசோதனை. அதற்குக் கணவர் இணங்க மறுப்பது வெட்கமா, அநீதியா என்பதை அவரவர் மனச்சாட்சி சொல்லட்டும். மருத்துவத் தேவைக்கு மார்க்கம் வழி வைத்திருக்கிறது. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் தனியே கேட்டுத் தெளிக.

தைராய்டு, சர்க்கரை, இரத்த அளவு ஆகியவற்றையும் முன்னரே பார்த்துக் கொள்வது நலம். ருபெல்லா தடுப்பூசி போடாத பெண்கள் அதைப் போட்டுக் கொண்டு ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்க முயல்வார்களாக. இரத்த அழுத்தம், வலிப்பு போன்றவற்றிற்கு மருந்து உண்பவர்கள் தாமாக அதை நிறுத்தாமல் மருத்துவரிடம் கலந்து கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து சோதனைக் குழாய் முறை தேவைப்பட்டால், நிக்காஹ் நிலைத்திருக்கும் கணவன் மனைவியின் அணுக்களைக் கொண்டு மட்டும் அதைச் செய்யலாம் என்றும், மூன்றாமவருக்கு அதில் இடமில்லை என்றும் பன்னாட்டு ஃபிக்ஹு கழகம் 1986இல் அம்மானில் முடிவெடுத்துள்ளது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாமியார்களே, நாத்தனார்களே! “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வியை இனி விடுங்கள். அவ்வேளை அல்லாஹ் நாடியது வந்தால் அவர்களே முதலில் உங்களிடம் ஓடி வருவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவளை அழைக்காமல் ஒதுக்காதீர்கள். இன்னொரு நிக்காஹ் என்றும் தலாக் என்றும் சொல்லி அச்சுறுத்தாதீர்கள். நீங்கள் அவள் தட்டில் எடுத்து வைக்கும் ஒரு முட்டை, நீங்கள் சொல்லாமல் விழுங்கிக் கொள்ளும் ஒரு சொல், இரண்டுமே அவளுக்கு மருந்துதான்.

காத்திருக்கும் தம்பதியரே! நீங்கள் இந்த முயற்சிகள் அனைத்தையும் செய்த பின்னும் மடி நிறையாமல் போகலாம். அப்போதும் உங்கள் உழைப்பு வீணன்று. புகையை விட்ட கணவர், சத்தாக உண்ட மனைவி, ஒருவரையொருவர் பழிக்காத இல்லறம் என மூன்று நிஃமத்துகள் உங்கள் கையில் இருக்கும்.

வல்ல ரஹ்மான் பிள்ளைக்காக ஏங்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஸாலிஹான சந்ததிகளை வழங்குவானாக! அவர்களின் உடலுக்கு ஆஃபியத்தையும் உள்ளத்திற்கு ஸபூரையும் தருவானாக! பிறர் வேதனையைக் கூட்டாத நாவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.