மழையில்லாமல் பெருகும் ஆறு
(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஓர் ஆற்றைப் பற்றியது. இந்தக் கூட்டத்தில் ஆற்றுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஒரு காரியத்துக்குக் காரணம் இன்னதென்று தெரிந்துகொள்ளுவதில் எத்தனை பேர் உயிர் அடங்கியிருக்கின்றது என்பதைக் காட்ட, அந்த ஆற்றைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்கவில்லை. ஆகையினாலேயே அதை இங்கு இழுத்து வந்திருக்கின்றோம்.

அந்த ஆற்றுக்கு ஹுன்ஸா என்று பெயர். வடக்கே காரகோரம் என்று ஒரு மலைத்தொடர் இருக்கின்றது. இன்று பாகிஸ்தான் நிர்வாகத்திலிருக்கும் கில்கிட்-பால்டிஸ்தான் என்னும் பிரதேசம் அது. சீன எல்லையையொட்டிய குஞ்சராப், கிலிக் கணவாய்களின் பக்கமிருந்து வரும் ஓடைகள் ஒன்றுகூடி ஹுன்ஸாவாகின்றன. அது மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கி, கில்கிட் ஆற்றில் விழுந்து, அதன் வழியாய்ச் சிந்து நதியை அடைகின்றது. வழியில் ராக்கபோஷி என்னும் சிகரம் 25,550 அடி உயரத்துக்கு நிற்கின்றது.

இவ்வளவு பெரிய மலையை ஓர் ஆறு எப்படி அறுத்தது என்று கேட்பீர்கள். மலை முந்தியதென்று எண்ணுவதால்தான் இந்தக் கேள்வி வருகின்றது. மலை எழும்புவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்றும், மலை மெள்ள மெள்ள எழும்ப, ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே வந்தது என்றும் மண்ணியல் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். ஒரு நாளில் நடந்த அற்புதமல்ல. லட்சக்கணக்கான வருஷங்கள் நடந்த வேலை.

நிற்க, மழை பெய்தால் வெள்ளம் வரும், மழையில்லாவிட்டால் ஆறு வறளும் என்பது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு ஹுன்ஸாவில் செல்லாது. கில்கிட் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வருஷம் முழுவதும் பெய்கின்ற மழை ஆறு அங்குலங்கூட இல்லை. அப்படியிருந்தும் மேகமேயில்லாத கோடை நாளில் ஆறு கரை முட்டிப் பாய்கின்றது! குளிர் காலத்திலோ ஒடுங்கிப் போகின்றது.

காரணம் என்னவெனில், மலை உச்சிகளில் விழும் பனி உருகாமல் வருஷா வருஷம் அடுக்கடுக்காய் ஏறி, தன் பாரத்தினாலேயே இறுகிக் கட்டியாகி, பள்ளத்தாக்கு வழியே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கீழே நகர்ந்து வருகின்றது. இதற்குப் பனியாறு என்று பெயர். ஹுன்ஸாவின் மேற்பாகத்திலுள்ள பாட்டுரா என்னும் பனியாறு ஒன்றே 30 மைலுக்கு மேல் நீளமுள்ளது. சூரியன் காய்ந்தால் இது உருகும். ஆகவே வெயில் ஏறினால் வெள்ளம், வெயில் தணிந்தால் வறட்சி. பனியாற்றின் அடியிலிருந்து வரும் சிற்றோடைகளில் காலையில் சுலபமாகத் தாண்டிப் போனவன் மாலையில் திரும்பி வர முடியாமல் தவிப்பான். பகலெல்லாம் உருகின தண்ணீர் அப்போதுதான் வந்து சேருகின்றது. தண்ணீர் சாம்பல் நிறமாயிருப்பதற்கும் காரணம் உண்டு. பனியாறு நகரும்போது பாறையை மாவாய் அரைத்துவிடுகின்றது. அந்த மாவே தண்ணீரில் கலந்து வருகின்றது.

அந்த ஊர் ஜனங்கள் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களல்லர். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். பனியாற்றின் வாயிலிருந்து செங்குத்தான பாறைகளின் மேல் கால்வாய் வெட்டி, மழையில்லாத பூமியிலே கோதுமையும் வாதுமைப் பழமும் விளைவிக்கின்றார்கள்.

இனி அபாயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட ஆற்றில் தண்ணீர் பெருகுவதைவிட, காரணமில்லாமல் குறைவதே அதிகப் பயத்துக்குரியது. எங்கேயோ மேலே மலை சரிந்தோ, பனியாறு குறுக்கே வந்தோ ஆற்றை அடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு சமயம் நங்க பர்வதத்தின் பக்கத்தில் மலை சரிந்து சிந்து நதியை அடைத்தது. கீழே அட்டக்கில் பல மாதங்கள் ஆறு வழக்கத்துக்கு மிகவும் குறைவாய் ஓடிற்று. 1841 ஜூன் மாதத்தில் அடைப்பு உடைந்தது. கரையருகே பாளையமிறங்கியிருந்த சீக்கியர் படையை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. 1858-ல் ஹுன்ஸா ஆறே அடைபட்டு உடைந்தபோதும் அட்டக் வரையில் வெள்ளம் பாய்ந்தது.

இதோடு 2010-ல் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வருஷம் ஜனவரி 4-ந் தேதி அட்டாபாத் என்னும் இடத்தில் ஒரு மலைப்பக்கமே இடிந்து ஹுன்ஸாவை அடைத்துவிட்டது. மலையில் வெடிப்புகள் சில வருஷங்களாகவே காணப்பட்டன. மண்ணியல் இலாகாவினரும் வந்து பார்த்து எச்சரித்திருந்தார்கள். சிலர் முன்பே வெளியேறியுமிருந்தார்கள். அப்படியும் சுமார் 20 பேர் மாண்டார்கள். பிறகு 12 மைலுக்கு மேல் நீளமும் 300 அடிக்கு மேல் ஆழமுமான ஏரி எழும்பிற்று. வீடுகளும் தோட்டங்களும் சீனாவுக்குப் போகும் பெருஞ்சாலையும் முழுகின. ஆனால் அது குளிர்காலம். பனி உருகாத காலம். ஆகவே ஏரி மெதுவாகத்தான் ஏறும், மே மாதத்திலேதான் வேகமாய் ஏறும் என்று ஆற்றின் கணக்கைக் கொண்டே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. அந்த ஐந்து மாத அவகாசத்தில் அடைப்பின் மேல் வடிகால் வெட்டினார்கள். கீழ் ஊர்களிலிருந்த ஆயிரக்கணக்கானவர்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். மே 29-ந் தேதி தண்ணீர் அந்த வடிகால் வழியே வழிந்தது. அடைப்பு உடையவில்லை, கீழ் ஊர்கள் பிழைத்தன. ஏரி இன்றும் இருக்கின்றது. 2015-ல் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரையில் ஜனங்களும் சாமான்களும் படகிலேயே அக்கரை போனார்கள்.

2018-ல் ஷிஷ்பர் என்னும் பனியாறு திடீரென்று வேகங்கொண்டு முன்னேறி, பக்கத்து ஓடையை அடைத்து ஏரி உண்டாக்கிற்று. அதைக் கண்காணித்துக்கொண்டே வந்தார்கள். 2022 மே 7-ந் தேதி அந்த ஏரி உடைந்து ஹஸனாபாத் பாலத்தை இடித்துத் தள்ளிற்று. வீடுகள் போயின, மின்சார நிலையங்கள் கெட்டன, உயிர்கள் தப்பின. பாலத்தை மறுபடி கட்டலாம் தோழர்களே, செத்தவனை மறுபடி கட்ட முடியுமா?

இவைகளையெல்லாம் தலைவிதி என்று சொல்லிக் கைகட்டி நின்றிருந்தால், அட்டாபாத்தில் ஒரு மண்வெட்டிகூட மண்ணைத் தொட்டிருக்காது. விதி என்று சொல்லுகின்றவன் எந்தத் தேதியில் வெள்ளம் வருமென்று சொல்லுவதில்லை. எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்றும் சொல்லுவதில்லை. அளந்து பார்த்தவன்தான் சொல்லுகின்றான்.

ஆனால் அளந்தவனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மலையில் வெடிப்பு இருக்கின்றதென்பது ஒரு காரியாலயத்துக் காகிதத்தில் கிடந்தால், அந்த மலையின் கீழே படுத்துறங்குகின்றவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அவனுக்குப் புரியும் பாஷையில் சொல்லவேண்டும். வெளியேறச் சொன்னால் போயிருக்க இடமும், சாப்பிட வழியும் கொடுக்கவேண்டும். ஏழையை வெறுங்கையோடு வெளியே போ என்று சொல்லிவிட்டு, போகவில்லை என்று அவன் மேல் குற்றம் சுமத்துவது நியாயமாகாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகத்தின் சூடு ஏறிவரும் இக்காலத்தில், இப்படிப்பட்ட ஏரிகளின் அபாயம் அதிகப்படுமென்றே ஆராய்ச்சிக்காரர்கள் எச்சரிக்கின்றார்கள். அந்தச் சூட்டை உண்டாக்கினதில் அந்த மலைக் குடியானவனுக்கு உள்ள பங்கோ மிகமிகச் சொற்பம்.

ஆகவே தோழர்களே! எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லுங்கள். தெரிந்தவன் வாய் திறக்காமலிருந்தால், தெரியாதவன் சாவுக்கு அவனும் பொறுப்பாளியாவான் என்பதைச் சொல்லி, இம்மட்டோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.